செல்லோவுக்குள் ஒரு வண்டு
பட்டறை ஜன்னலோரம் தங்கை பெரிய வயலின் போன்ற செல்லோவை மார்பில் சாய்த்து வில்லால் வாசிக்கிறாள். ஒரு சுரத்தில் மட்டும் உள்ளே வண்டு சிக்கியதுபோல் கிர்ரென்கிறது. “காலையில இந்த மேடைக் கோட்டப் போட்டு ஒத்திகை பாத்தேன்க்கா, அப்பலேருந்து இப்படித்தான். சாயங்காலம் கச்சேரியில மானம் போயிடும். மேல்பலகையப் பிரிச்சிடு.” வாத்தியம் பழுதுபார்க்கும் அக்கா கத்தியை எடுக்கிறாள். மறுகையைப் பலகைமேல் வைக்கிறாள். மரம் பூனையின் முதுகுபோல் சீராக அதிர்கிறது. அதில் குறையே இல்லை, கைக்குத் தெரியும். “நிறுத்தாம வாசி.” குனிந்து, செல்லோவின் முதுகை உரசும் கோட்டின் பித்தளைப் பட்டனை இரண்டு விரலால் விலக்குகிறாள். வண்டு அடங்குகிறது. சுரம் அறையெங்கும் நிறைய, ஜன்னல் கண்ணாடியில் வெயில் நடுங்குகிறது. தங்கையின் வில் நிற்கவில்லை. அக்காவின் கத்தி பட்டன் நூலை அறுக்கிறது.