இடது கை

"உங்களுக்குக் கண்ணு தெரியுதா, தெரியலையா?"

ஹெட் நர்ஸ் கேட்டதும் நீச்சல் குளத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

நடுவர் அவசரப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். லீவு நாளில் இந்த வேலை. காலையிலிருந்து ஈரத் தரையில் நின்று முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"தெரியுதுங்க. பட்டர்ஃப்ளை நீச்சல்ல ரெண்டு கையும் ஒண்ணா, தண்ணிக்கு மேல வரணும். கடைசி பத்து மீட்டர்ல உங்க நர்ஸ் பொண்ணோட இடது கை தண்ணிக்குள்ளயே வந்துச்சு. அதான் செல்லாதுன்னு எழுதிட்டேன்."

"வேற யாரும் பார்க்கலை. நீங்க மட்டும் பார்த்தீங்களாக்கும்?"

"பார்த்தேன்."

ஆஸ்பத்திரிகளுக்கு இடையிலான போட்டி. இதுதான் கடைசிப் பந்தயம். முதலில் வந்தவள் ஹெட் நர்ஸின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ். அது செல்லியிருந்தால், நாலு வருஷமாக நூலிழையில் நழுவிய கோப்பை கைக்கு வந்திருக்கும்.

அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நேற்று இரட்டை டியூட்டி. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அசந்துபோன தோள், இன்னும் லேசாக நடுங்கியது.

"நீ ஏம்மா அழறே? உன் மேல என்ன தப்பு?" ஹெட் நர்ஸ் அவள் முதுகைத் தடவினாள். "ரெண்டாவதா வந்த டீம்காரங்க இந்த ஆளை நல்லா கவனிச்சிருப்பாங்க."

"இந்த வயசுல வீட்டுல கிடக்க வேண்டியதுதானே," என்றது ஒரு குரல்.

கசக்கிய பேப்பர் கப் ஒன்று பறந்து வந்து நடுவரின் காலடியில் விழுந்தது. மெல்லக் குனிந்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

போட்டியை நடத்தும் செயலாளர் அவரைத் தனியே அழைத்தார்.

"உங்க மேல புகார் எழுதிக் கொடுத்திருக்காங்க சார். நல்லா பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்னு சொன்னேனே."

"அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிடறது கஷ்டம்தான்."

"சரிங்க."

கோப்பை வேறு கைக்குப் போனது. கூட்டம் கலைந்தது. நடுவர் வாசல் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி ஈர சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"சார்."

அந்த நர்ஸ். ஈரத் தலை, சிவந்த கண்.

"நீங்களும் திட்டணுமாம்மா? திட்டிக்கோங்க," என்றார்.

அவள் தலையாட்டி மறுத்தாள். அவரிடமிருந்து ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"நீங்க அப்போ அடுத்த லேனைப் பார்த்துட்டு இருந்தீங்க சார். சுவரைத் தொட்டதும், இடது கை மேல வரலைன்னு நானேதான் உங்ககிட்ட சொன்னேன். தப்பு பண்ணினா உடனே சொல்லிடணும்னு வார்டுல பழகிடுச்சு. நீங்க என்னன்னா, நீங்களே பார்த்ததா சொல்லி இவ்வளவு பேச்சு வாங்கிட்டீங்க. அந்தப் பொண்ணே வந்து சொல்லுச்சுன்னு சொல்லியிருக்கலாமே சார்?"

நடுவர் சாக்ஸை உதறி மாட்டிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில நீங்க அந்த ஹெட் நர்ஸுக்குக் கீழதானேம்மா டியூட்டிக்குப் போகணும்? எனக்கென்ன, பஸ் ஏறினா வீடு."