சுழல் நாற்காலி

கிரேன் ஓட்டுநர் போன வாரம் ஏணியில் தடுமாறியதால், டாக்டர் சான்றிதழ் இல்லாமல் வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"என்ன ஆனாலும் தலை சுத்தலைன்னே சொல்லுங்க" என்று மனைவி வழியெல்லாம் ஓதினாள்.

டாக்டர் அவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, இருபது சுற்று சுற்றிச் சட்டென்று நிறுத்தினார்.

"சுத்துதா?"

எதிரே மனைவி மூன்று பேராக நின்றாள்.

"சுத்தலை சார்."

டாக்டரின் முகம் இருண்டது. டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்ணு இந்த ஆட்டம் ஆடுது, வாய் மட்டும் இல்லைங்குதா?"

வேலை போச்சு என்று ஓட்டுநர் நினைத்துக்கொண்டார். "சுத்துது சார்."

"சுத்தணும்யா. நாற்காலி நின்னாலும் காதுக்குள்ள இருக்கிற தண்ணி உடனே நிக்காது. சுத்தலைன்னாதான் கோளாறு. நீ இல்லைன்னதும் நான்ல பயந்துட்டேன்" என்று சான்றிதழில் கையெழுத்திட்டார் டாக்டர்.