கிளட்ச்சுக்குள்ள தண்ணி

"பாபு, இன்னிக்கு வேணாம். தண்ணி போற போக்கு சரியில்ல"ன்னான் முனியப்பன்.

ஆத்தங்கரையில நின்னுக்கினு இருந்த ஜனம் மொத்தமும் சிரிச்சுது. அவன் பொண்டாட்டி தாட்சாயணிக்கு ஒடம்பே கூசிப்போச்சு. பின்ன? பெரும பேசினதே அந்த ஆளுதானே!

"என் கை பட்ட கிளட்ச்சுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போச்சுன்னா மீசைய எடுத்துடறேன்"னு விஜயபுரம் சந்தை பூரா சொல்லிக்கினு திரிஞ்சவன். அதுவும் சாதாரண மீசையா? கல்யாணத்தன்னிக்கு மாலையில இருந்த பூ நாரு அதுல மாட்டிக்கினு, அய்யரே மந்திரத்த வுட்டுட்டு எடுத்துவுட்டாரு. அது கெடக்கட்டும்.

"இன்னா மேஸ்திரி, பயமா?" வண்டி மேல குந்திக்கினு இருந்த திலீப்பு பாபு கத்தினான். "வெள்ளக்கல்லு ரெண்டு பக்கமும் தல தெரியுது பாரு. கல்லு இருந்தா பாலம் இருக்கு. எங்க தாத்தா காலத்துலர்ந்து அப்டித்தானே போறோம்!"

அவன் சொன்னதும் நெசந்தான். வெள்ளம் தரைப்பாலத்த முழுங்கிட்டாலும், ஓரத்துக் கல்லு தெரிஞ்சா மாட்டுவண்டியே எறங்கும் அங்க.

வண்டி நாலு சக்கர பைக்கு. சத்தியவேடு பக்கம் நெலம் கம்பெனிக்குப் போனப்ப வந்த காசுல திலீப்பு ஆசப்பட்டு வாங்கினது. அதே காசுல அவங்க நைனா வாங்கின ஏசிப் பொட்டி கரண்ட்டு இல்லாம கெடக்குது, அது மேல கோழி அடகாக்குது. அது தனிக் கத.

முனியப்பன் குவைத்துல, மணல்ல ஓட்டற இந்த மாதிரி வண்டிங்களுக்குத்தான் மெக்கானிக்கு. ஒரு வாரமா இத நோண்டினான். கிளட்ச்சுல வெயிட்டு மாத்தி, ஸ்பிரிங்கு மாத்தி, சேத்துலயும் திணறாம இழுக்க வச்சான். கிளட்ச்சு டப்பா மூச்சு வுடற ரப்பர் கொழாய ஹேண்டில் ஒசரத்துக்குத் தூக்கிக் கட்டினான். மூடியச் சுத்திப் பச பூசினான்.

அதப் பாக்கத்தான் திருப்பதிப் பக்கத்து ரிசார்ட்டு மேனேஜர் வெங்கடரமணன் காரு போட்டுக்கினு வந்து நிக்கறாரு. அங்க இந்த மாதிரி வண்டி வரிசையா நிக்குது. இது ஆத்தத் தாண்டினா அத்தினியும் முனியப்பன் பொறுப்பு, புத்தூர்ல கடை. தாண்டலன்னா மறுபடியும் குவைத்து.

அவங்க பொண்ணு அப்பன போன்ல மட்டுமே பாத்து, 'போன் நைனா'ன்னு கூப்ட்டே வளந்துடுச்சு.

"யோவ், வாய மூடிக்கினு வுடுய்யா. காரியம் கெட்டுடும்"னு தாட்சாயணி பல்லக் கடிச்சா.

மேனேஜர் கடிகாரத்தப் பாத்தாரு. "ஏமய்யா, நீ செஞ்ச வேல மேல ஒனக்கே நம்பிக்க இல்லியா?"

முனியப்பன் தண்ணியவே பாத்துக்கினு இருந்தான். அப்புறம், "ஒரு நிமிசம் பாபு"ன்னு குனிஞ்சு, கிளட்ச்சு டப்பாவுக்கு அடியில கைய வுட்டு என்னமோ பண்ணிட்டு எழுந்தான்.

"போலாம்."

வண்டி எறங்குச்சு. செல்போனுங்க எல்லாம் மேல எழும்புச்சு.

மொதல் கல்லு. சக்கரம் பாதி முழுகுச்சு. ரெண்டாவது கல்லு. வண்டி சும்மா வெண்ணெயில எறங்கின கத்தி மாதிரி போய்க்கினு இருக்குது. ஜனம் விசிலடிக்குது. முனியப்பன் மூஞ்சில மட்டும் ரத்தமே இல்ல. உதடு எதையோ முணுமுணுக்குது. கொலதெய்வத்தக் கூப்புடறான்னு தாட்சாயணியும் சேந்து கும்புட்டா.

மூணாவது கல்லு வர்றதுக்குள்ள என்ஜினு ஓன்னு அலறுச்சு. சக்கரம் நின்னுடுச்சு.

திலீப்பு ஆக்ஸிலேட்டர முறுக்கறான், முறுக்கறான். சத்தம் வருதே தவிர வண்டி ஒரு அடி நகரல. கிளட்ச்சு டப்பாக்குள்ள பெல்ட்டு நனைஞ்சு வழுக்குது.

மொழங்கால் தண்ணியில எறங்கி வண்டிய ஒதச்சான். நாலு பேரு கயிறு கட்டி இழுத்தாந்தாங்க. வந்ததும் வராததுமா திலீப்பு முனியப்பனோட சட்டயப் புடிச்சான்.

"ஒரு சொட்டு போவாதுன்னியே! டப்பா பூரா தண்ணி! ஊரு முன்னால என் மானத்த வாங்கிட்டியேடா!"

"தப்பு என்மேலதான் பாபு."

மீசைய எடுக்கச் சொல்லி ஒருத்தன் பிளேடு நீட்டினான். சிரிப்பு. மேனேஜரு கார்ல ஏறினாரு. காரு திரும்பிப் போயிடுச்சு.

ஜனம் கலைஞ்சும் முனியப்பன் கெளம்பல. வேலிகாத்தான் முள்ள இழுத்தாந்து பாலத்து வாயில போட்டு அடச்சிக்கினு இருந்தான். தாட்சாயணி போய் அவன் எடது கையப் புடிச்சுப் பிரிச்சா. வண்டிக்கு அடியில வுட்டு எடுத்தப்பலேர்ந்து மூடியே வச்சிக்கினு இருந்த கை.

உள்ள ஒரு சின்ன ரப்பர் அடப்பான்.

"கிளட்ச்சு டப்பாவுக்கு அடியில இருக்கறதுதானே இது? நீயே புடுங்கினியா? ஒனக்கு இன்னாய்யா நான் கெடுதல் பண்ணேன்? அந்த குவைத்துல எவள வச்சிருக்கற?"

அழுகையும் கோவமுமா அவன் நெஞ்சுல குத்தினா. அவன் தடுக்கல.

"மேல இருந்து வருது பாரு"ன்னான்.

வேரோட சாஞ்ச புளியமரம் ஒண்ணு வெள்ளத்துல உருண்டு வந்துச்சு. பாலத்துல மோதி, வேரு மாட்டிக்கினு நின்னுச்சு. தண்ணி தள்ளத் தள்ள, பாலத்த ஒரசிக்கினே ஓரமா நகந்துச்சு.

மூணாவது கல்லுக்கும் நாலாவது கல்லுக்கும் நடுவுல வந்ததும், அத்தாம்பெரிய மரம், பாலம் இருக்க வேண்டிய எடத்துல எதுலயும் படாம அப்டியே உள்ள எறங்கிக் காணாமப் போச்சு.