வில்பட்டி ரசிகர்கள்

அஜய்யின் ராக் இசைக்குழு வெளியிட்ட முதல் பாட்டை இணையத்தில் சீந்த ஆளில்லை. குழுவையே கலைத்துவிடலாம் என்ற முடிவோடு மலையிலிருக்கும் தன் சொந்த ஊரான வில்பட்டிக்கு வந்தவன், பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டான். தோட்டத்துக்குத் தோட்டம் ஒலிபெருக்கியில் அவன் குரல்தான் அலறிக்கொண்டிருந்தது.

டீக்கடையில் நல்லசாமி பெரியப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, அடுத்த பாட்டு எப்ப வருது? ஊரே காத்துக் கெடக்கு."

அஜய்க்குக் கண் கலங்கியது. "அம்புட்டுப் பிடிச்சுப்போச்சா பெரியப்பா?"

"அதான்டா இப்பச் சிக்கலே. மொதல்ல இதைப் போட்டா ஒரு காட்டுமாடுகூட காரட் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பாக்காது. இப்ப அதுகளுக்குப் பிடிச்சுப்போச்சு. பாட்டுக் கேட்டுத் தலையை ஆட்டிக்கிட்டே மேயுதுக. வெரசா அடுத்ததைப் போடு. இதைவிட மோசமா இருக்கணும்."