கையை இறக்க ஒரு பட்டன்

“பெரியவங்களுக்கு மட்டும்னு போட்டுட்டு ஒண்ணுமே காட்ட மாட்டேங்கறீங்களேன்னு ஒருத்தன் கேக்கறான்டி,” என்று கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு அம்மா வாசித்தாள்.

“மூக்கு உடையறதைக் காட்டறோமே, அது போதாதா?” மகள் சொல்லிக்கொண்டே அதையே பதிலாகத் தட்டி அனுப்பினாள்.

வேலையை விட்டுவிட்டு, மூன்று வருடம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அவள் செய்த குத்துச்சண்டை கேம் அது. வெளியாகிப் பத்து நாள்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆடுகிறவர்களின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வதாக அறிவித்திருந்தாள். அம்மா வாசிக்க, மகள் பதில் அடிக்க, இரண்டு பேருடைய காபியும் மேஜையிலேயே ஆறிப்போனது.

“சண்டை போடறவ ஏன் இவ்வளவு குண்டா, வயசானவளா இருக்காளாம். இது இன்னொருத்தன்.”

“அவகிட்ட ஒரு குத்து வாங்கிட்டு வந்து பேசச் சொல்லு.”

அம்மா சிரித்தாள். அடுத்த கேள்விக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. “மறுபடியும் அந்த வெறுங்கைதான்.”

வெறுங்கை என்பது ஒரு மனிதர் கேமுக்குள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். கேமில் இரண்டே பேர்தான். ஒரு பெண், அவளுக்கு எதிரில் ஓர் ஆண். யாராக வேண்டுமானாலும் ஆடலாம். எல்லோரும் மாற்றி மாற்றி ஆட, இவர் மட்டும் இருநூறு ஆட்டமும் ஆணாகவே ஆடி, ஒரு குத்துகூட விடாமல், இருநூறிலும் அடி வாங்கித் தோற்றிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆண் கையைக் கீழே இறக்கி மன்னிப்புக் கேட்க ஒரு பட்டன் வேண்டும்.

நல்ல யோசனை என்று நூறு பேர் அவர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பட்டன் வரும்வரை ஒற்றை நட்சத்திரம்தான் என்று மிரட்டல் வேறு. மதிப்பு இன்னும் கொஞ்சம் இறங்கினால், விற்கிற தளம் கேமை முதல் பக்கத்திலிருந்து தூக்கிவிடும். அப்புறம் யாரும் தேடிக்கொண்டு வரப்போவதில்லை. மூன்று வருட உழைப்பும் அம்போ.

“வச்சுக் குடுத்துடேன்டி. ஒரு பட்டன்தானே. மத்தவங்க மாதிரி திட்டாம எவ்வளவு மரியாதையாக் கேக்கறாரு பாரு. ‘தயவுசெய்து’ங்கறாரு.”

“தலைகீழா நின்னாலும் கிடையாது.”

“கேம் ஓடலேன்னா?”

“ஓட வேண்டாம். மறுபடி எங்கயாவது வேலைக்குப் போறேன். அவன் மன்னிப்புக் கேக்கற ஆளே இல்லம்மா. கேக்காதவனைக் கேக்க வச்சா அது பச்சைப் பொய். அவ திருப்பி அடிக்கணும்னுதான் இந்தக் கேமையே செஞ்சேன். நூறு பேர் இல்ல, ஆயிரம் பேர் வந்தாலும் மாத்த மாட்டேன்.”

“கேம்லயாவது ஒரு தடவை கேட்டுட்டுப் போகட்டுமேன்னு பாத்தேன்,” என்றாள் அம்மா மெதுவாக.

மகளுக்குச் சுருக்கென்றது. நூறு பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அசையாதவளுக்கு இந்தக் குரலிடம் மட்டும் பிடிவாதம் பிடிக்கத் தெரியாது. வேண்டா வெறுப்பாக, ‘அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன்’ என்று அடித்தாள்.

அனுப்புவதற்குள் வெறுங்கையிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. அம்மாதான் வாசித்தாள்.

“‘இன்னொரு சின்னப் பிழையும் இருக்குங்க. சண்டைக்கு முன்னாடி அவன் கைக்கடிகாரத்தைக் கழட்டி மேஜை மேல வைக்கறான். மேஜை மேல இல்ல. ஃப்ரிட்ஜ் மேல.’”

“குத்துச்சண்டை மேடையில ஃப்ரிட்ஜுக்கு நான் எங்க போவேன்? அடி வாங்கி வாங்கி இந்த ஆளுக்கு மூளை கலங்கிடுச்சு,” என்று மகள் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். மகள் அடித்து வைத்திருந்ததை முழுவதுமாக அழித்தாள். இதுவரை ஒரு பதில்கூட அடிக்காதவள், ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்து, மகள் என்னவென்று கேட்பதற்குள் அனுப்பியும் விட்டாள்.

‘ஆமாங்க, ஃப்ரிட்ஜ் மேலதான் வைப்பீங்க, அப்போ நாலு வயசுக் குழந்தைக்கு அதெல்லாம் சரியா ஞாபகம் இருக்காது. உங்க பொண்ணு இப்பதான் அந்தப் பட்டனை வைக்கறேன்னு சம்மதிச்சா, நான்தான் வேண்டாம்னுட்டேன்.’