இலையோரம் ஒதுக்கிய கல்பாசி

உலர்தாவரக் காப்பகத்துக்கு விவரச்சீட்டு எழுதத் தாவர ஆய்வாளன் அறவாழி வீட்டுக்கு எடுத்துவந்த காகிதப் பொட்டலத்தை மேசையில் காணோம். சீட்டு மட்டும் கிடந்தது: புதிய கல்பாசி இனம், நாவல் மரப்பட்டையில் எடுத்தது, கிடைத்தது இவ்வளவே. அந்த ஒற்றை மரத்தையும் சாலை போடுகிறவர்கள் போன வாரம் வெட்டி விறகுக்கு விலைபேசிவிட்டார்கள்.

“பொட்டலமா? குருமாவுல போட்டுட்டேங்க. அப்பா வந்திருக்காருல்ல,” என்றாள் வடிவு.

மசாலா மொத்த வியாபாரியான மாமனார் கண்ணை மூடி மென்றார்.

“இத்தனை வருஷ வியாபாரத்துல இப்படியொரு வாசம் பார்த்ததில்ல, மாப்ள! எந்தக் கடைச் சரக்கு? வாயைத் திறக்காதீங்க, விலைய ஏத்திடுவான். நான் பேசிக்கிறேன். ஒரு மூட்டை எடுத்துவைக்கச் சொல்லுங்க.”

அவர் மென்ற கல்பாசிச் சக்கையை இலையோரம் ஒதுக்கினார். அறவாழி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இலைய எடுத்துடவாப்பா?” என்று குனிந்தாள் வடிவு.