கொம்பு முளைத்தவர்கள்

"வடக்கத்திப் பட்டாளத்தானுக்குத் தலையில கொம்பு இருக்குடா," என்றார் பெண்டில்டன் துரை. "விடுதலை தர்றேன்னு கூட்டிட்டுப் போய் உங்களை உயிரோட தின்னுடுவான்!"

அமெரிக்காவின் தெற்கே, கரோலினாப் பருத்திக்காட்டின் அடிமைகள் அத்தனை பேரும் அலறினார்கள். அவர்களில் ஐசம் என்பவன் துரையின் காலையே கட்டிக்கொண்டான்.

"எங்களைச் சதுப்புக்காட்டுக்கு அனுப்பிடுங்க எஜமான்! கோவேறு கழுதைங்களையும் ஓட்டிட்டுப் போயிடுறோம். அதுங்களையும் தின்னுடுவானே!"

களிமண் மண்டைகள்! சுதந்திரம் ஒன்றுதான் இதுகளுக்குக் கேடு! துரை சிரிப்பை அடக்கிக்கொண்டார். வழியில் தின்னப் பன்றிக்கறி உப்புக்கண்டத்தையும் தாமே ஏற்றிவிட்டார்.

"நான் வந்து கூப்பிடுற வரைக்கும் தலைகாட்டாதீங்க!"

பருத்தி வெடித்ததும் சதுப்பின் கரையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். தவளைகள்தான் பதில் சொல்லின.

பருத்தி செடியிலேயே அழுகியது. வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த போர் அவர் வாசலுக்கே வந்தது. வடக்கத்திப் பட்டாளத்தின் நீலச் சட்டையும் துப்பாக்கியுமாகப் படியேறிய சிப்பாயைப் பார்த்ததும் துரை சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

சிப்பாய் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்து காட்டினான்.

"பயப்படாம தடவிப் பாரு, பெண்டில்டன்," என்றான் ஐசம். "கொம்பு முளைச்சிருக்கா?"